ஏவுகணை தயார், படகு எங்கே?

கடலிலிருந்து கரையில் இறங்கிப் போரிடும் அமெரிக்க மரைன் படையிடம் இன்று ஒரு டாங்கிகூடக் கிடையாது. இவோ ஜிமா, வியட்நாமின் ஹுவே, இராக்கின் ஃபலூஜா என்று தலைமுறை தலைமுறையாக டாங்கியின் துணையோடு சண்டை போட்ட படை அது. 2020-ல் வந்த ஒரு திட்டம் அதன் மூன்று டாங்கி பட்டாலியன்களையும் கலைத்துவிட்டது. வண்டிகள் தரைப்படைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த முடிவைச் சுற்றி அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. கடலும் நிலமும் சேரும் இடத்தில் நடக்கும் போரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிப்பவன் என்ற முறையில் அந்த வாதத்தை ஆரம்பத்திலிருந்தே பின்தொடர்ந்து வருகிறேன். டாங்கியை விட்டது சரியா தவறா என்று இரண்டு தரப்பும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். அந்தத் திட்டம் பலிக்குமா என்பதைத் தீர்மானிக்கப் போகிற விஷயம், அதாவது ஆளையும் ஆயுதத்தையும் கரை சேர்க்கும் படகு, மட்டும் ரொம்ப நாள் ஓரமாகவே கிடந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் திட்டம் என்ன என்று பார்த்துவிடலாம். பெயர் 'ஃபோர்ஸ் டிசைன் 2030'. 2019 ஜூலையில் மரைன் படையின் 38-வது தளபதியாகப் பொறுப்பேற்ற ஜெனரல் டேவிட் பெர்கர் கொண்டுவந்தது. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருபது வருடம் இருந்ததில் மரைன் படை ஏறக்குறைய இன்னொரு தரைப்படையாகவே மாறிப்போயிருந்தது. அதே காலத்தில் சீனா தன் கடற்கரையிலிருந்து நெடுந்தூரம் பாயும் ஏவுகணைகளைக் குவித்துவிட்டது. ஆயிரக்கணக்கான வீரர்களை ஏற்றிக்கொண்டு பெரிய கப்பல்கள் எதிரியின் கரைக்கு அருகே வந்து நின்று படையிறக்குவது இனி நடக்காது என்பது பெர்கரின் கணிப்பு. அதனால் ஆளையும் ஆயுதத்தையும் வெட்டினார். மொத்த ஆள்பலத்தில் சுமார் 12,000 பேரைக் குறைப்பது. காலாட்படை பட்டாலியன்களை 24-லிருந்து 21 ஆக்குவது. இழுவைப் பீரங்கி பேட்டரிகளை, அதாவது பீரங்கிக் குழுக்களை, 21-லிருந்து 5-க்குக் கொண்டுவருவது (பின்னர் அது 7 ஆனது). மிச்சமாகும் பணத்தில் 14 ராக்கெட், ஏவுகணை பேட்டரிகளைக் கூடுதலாக எழுப்புவது, ஆளில்லா விமான ஸ்குவாட்ரன்களை இரட்டிப்பாக்குவது.

இதற்குப் பின்னால் இருந்த போர்முறை எளிமையானது. போர் வந்த பிறகு தூரத்திலிருந்து கிளம்பி வந்து கரையைப் பிடிக்க வேண்டாம். போருக்கு முன்பே, எதிரியின் ஏவுகணை எட்டும் வட்டத்துக்குள்ளேயே, நட்பு நாடுகளின் தீவுகளில் சின்னச் சின்னக் குழுக்களாகப் போய் உட்கார்ந்துவிட வேண்டும். கடலைக் கண்காணிக்க வேண்டும், தேவைப்பட்டால் கப்பலை அடிக்க வேண்டும், அடித்த கையோடு இடத்தைக் காலி செய்து அடுத்த தீவுக்கு நகர வேண்டும். இதற்கென்றே 'மரைன் லிட்டோரல் ரெஜிமென்ட்' (கரையோர மரைன் ரெஜிமென்ட்) என்ற புது வகைப் படைப்பிரிவு உருவானது. 2022 மார்ச்சில் ஹவாயில் 3-வது ரெஜிமென்ட்டும், 2023 நவம்பரில் ஒகினாவாவில் 12-வது ரெஜிமென்ட்டும் இந்த வடிவத்துக்கு மாறின. ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம் பேர் அளவுக்கு இருப்பார்கள்.

அவர்களின் முக்கிய ஆயுதம் நெமிசிஸ். ஓட்டுநர் இருக்கையே இல்லாத ஒரு ராணுவ டிரக், அதன் முதுகில் நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனம் செய்த இரண்டு கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகள். 185 கிலோமீட்டருக்கும் அப்பால் போகும் கப்பலை அதனால் அடிக்க முடியும். 2025 ஏப்ரலில் பாலிகாத்தான் கூட்டுப் பயிற்சியின்போது இதைப் பிலிப்பைன்ஸின் பத்தானெஸ் தீவுகளுக்கே கொண்டுபோனார்கள். வரைபடத்தில் பிலிப்பைன்ஸின் பெரிய தீவான லூசோனுக்கும் தைவானுக்கும் நடுவில் புள்ளிகளாகத் தெரியும் தீவுக்கூட்டம் அது. சீனக் கடற்படை தென்சீனக் கடலிலிருந்து பசிபிக்குக்குள் வெளியேறும் முக்கிய வழி அந்தத் தீவுகளை ஒட்டித்தான் போகிறது. அங்கே அப்படி ஒரு டிரக் நிற்கக்கூடும் என்ற எண்ணமே எதிர்த்தரப்புக் கப்பல் தலைவனை யோசிக்க வைக்கும்.

கரையிலிருந்து கப்பலை அடிப்பது மரைன்களுக்குப் புதிதல்ல. 1941 டிசம்பர் 11-ஆம் தேதி, பெர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து சில நாட்களே ஆன நிலையில், பசிபிக்கில் அமெரிக்கர் வசமிருந்த வேக் தீவைப் பிடிக்க ஜப்பானியக் கப்பல்கள் வந்தன. தீவில் இருந்தது மரைன் படையின் 1-வது பாதுகாப்பு பட்டாலியனின் ஒரு பகுதி, ஐந்நூறு பேருக்கும் குறைவு. கையில் பழைய 5 அங்குலக் கடற்பீரங்கிகள். கப்பல்கள் நன்றாகக் கிட்டே வரும்வரை சுடாமல் பொறுத்திருந்து அடித்தார்கள். ஹயாதே என்ற நாசகாரிக் கப்பல் வெடித்து மூழ்கியது. கிசராகி என்ற இன்னொன்றை அவர்களின் போர்விமானங்கள் முடித்தன. வந்த படை திரும்பிப் போனது. அந்தப் போரில் ஜப்பானியத் தரையிறக்கம் ஒன்று இப்படி விரட்டப்பட்டது அரிதான நிகழ்ச்சி.

ஆனால் அந்தக் கதை அங்கே முடியவில்லை. வேக் தீவுக்கு ஆளும் வெடிபொருளும் ஏற்றிக்கொண்டு சரடோகா விமானந்தாங்கிக் கப்பலோடு ஒரு உதவிப் படை கிளம்பி வந்துகொண்டிருந்தது. சில நூறு மைல் தொலைவில் இருக்கும்போது, டிசம்பர் 23 அன்று, அதைத் திரும்ப அழைத்துவிட்டார்கள். அதே நாள் ஜப்பானியர் மறுபடி வந்து தீவைப் பிடித்தார்கள். பீரங்கிக்காரர்கள் தங்கள் வேலையைக் குறைவில்லாமல் செய்தார்கள். கடலைத் தாண்டி வர வேண்டியது வரவில்லை.

கரையிலிருந்து கப்பலை அடிப்பது இன்றும் நடக்கக்கூடியது என்பதற்கு உக்ரைன் சாட்சி. 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் கருங்கடல் கொடிக்கப்பலான மாஸ்க்வாவை நெப்டியூன் ஏவுகணைகள் மூழ்கடித்தன. அதற்குச் சில வாரம் முன்புதான் பெர்தியான்ஸ்க் துறைமுகத்தில் சராத்தோவ் என்ற தரையிறங்கு கப்பல் எரிந்து போயிருந்தது. ஒடெசாவில் ரஷ்யப் படை கடல்வழியாக இறங்கும் என்று உலகமே எதிர்பார்த்தது. அது நடக்கவே இல்லை. அதனால் பெர்கர் திட்டத்தின் முதல் பாதி, அதாவது சிறிய படை கரையில் இருந்துகொண்டே பெரிய கடற்படையைத் தடுக்கலாம் என்பது சரி என்றே நான் நினைக்கிறேன். அவருடைய துணிச்சலை மதிக்கவும் செய்கிறேன். ஒரு படைத்தளபதி புது ஆயுதம் கேட்பது சகஜம். இருக்கும் ஆயுதத்தைத் தானாகவே விட்டுக்கொடுப்பது அபூர்வம்.

எதிர்த்தவர்களும் சாதாரணமானவர்கள் அல்ல. முன்னாள் தளபதி சார்ல்ஸ் குருலாக், ஜெனரல் ஆன்டனி ஜின்னி, வியட்நாமில் போரிட்ட முன்னாள் கடற்படைச் செயலர் ஜிம் வெப் என்று பெரிய பட்டியல். மரைன் படை என்பது எங்கே எந்தத் தீ பற்றினாலும் ஓடிப்போக வேண்டிய படை, அதை ஒரே எதிரிக்கும் ஒரே கடலுக்கும் என்று செதுக்கிவிட்டால் வேறு போர் வரும்போது என்ன செய்வீர்கள் என்பது அவர்கள் கேள்வி. நகரச் சண்டையில் டாங்கி எத்தனை மரைன்களின் உயிரைக் காத்தது என்று அவர்களுக்கு நேரடியாகத் தெரியும். இந்தக் கவலையைப் பழைய ஆட்களின் பிடிவாதம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும் டாங்கி வேண்டியிருந்தால் தரைப்படையிடம் கேட்டு வாங்கலாம், அவர்களிடம் நிறையவே இருக்கிறது. தீவிலிருந்து தீவுக்கு ஆளையும் ஏவுகணையையும் சுமந்துபோகும் சின்னக் கப்பலை அந்த எண்ணிக்கையில் யாரிடம் கேட்பது?

குருலாக் என்ற பெயரே படகுக் கதைக்குள் நம்மைக் கொண்டுபோகும். சார்ல்ஸின் அப்பா விக்டர் குருலாக் 1937-ல் ஷாங்காயில் இளம் லெப்டினன்ட்டாக இருந்தார். சீனாவில் ஜப்பானியப் படை இறங்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். ஜப்பானியப் படகுகளின் முன்பக்கம் அப்படியே கதவாகக் கீழே விழுந்தது. வீரர்கள் பக்கவாட்டில் ஏறிக் குதிக்காமல், நேராக நடந்து கரையில் இறங்கினார்கள். படம் எடுத்து, அறிக்கை எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பினார். இரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பியவர் அந்த அறிக்கையைத் தேடிக் கண்டுபிடித்தபோது, சீனாவில் இருக்கும் எவனோ ஒரு கிறுக்கன் எழுதியது என்ற குறிப்போடு அது கோப்புக்குள் கிடந்தது. அவர் விடவில்லை. மாதிரிப் படகு செய்து மேலதிகாரிகளிடம் கொண்டுபோனார். நியூ ஆர்லியன்ஸில் சதுப்புநிலத்துக்கான ஆழமில்லாப் படகுகள் கட்டிக்கொண்டிருந்த ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் தன் படகில் அந்த முன்கதவை வைத்தார். அதே காலத்தில் ஃபுளோரிடாவில் டொனால்ட் ரோப்ளிங் என்பவர், புயலில் சிக்கியவர்களைச் சதுப்புக்குள் போய் மீட்பதற்காக, நீந்தவும் ஊரவும் கூடிய சங்கிலிச் சக்கர வண்டி ஒன்றைச் செய்திருந்தார். ஒரு பத்திரிகையில் வந்த அதன் படத்தைப் பார்த்து மரைன்கள் அவரைத் தேடிப் போனார்கள். பின்னாளில் எல்விடி என்று பெயர் பெற்ற வண்டி அது.

இதற்கெல்லாம் முன்பே, 1921-ல், மேஜர் ஏர்ல் எல்லிஸ் மைக்ரோனீசியத் தீவுகளைப் பிடிப்பது எப்படி என்று விரிவான திட்டம் எழுதி வைத்திருந்தார். 1934-ல் தரையிறக்கத்துக்கான கையேடு வந்தது. போதிய பணம் இல்லாத காலத்திலும் போர்ட்டோ ரிக்கோவுக்குப் பக்கத்தில் குலேப்ரா தீவில் இறங்கி இறங்கிப் பழகினார்கள். யோசனை 1921-லேயே வந்துவிட்டது, படகு தயாராக இருபது வருடம் ஆனது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

தயாரான பிறகும் போதவில்லை. 1943 நவம்பர் 20, பசிபிக்கில் ஜப்பானியர் வசமிருந்த தராவா பவளத்தீவின் பெஷியோ. மூன்று கிலோமீட்டர் சுமாருக்கு நீளமான துண்டு நிலம். அதைச் சுற்றிப் பவளத்திட்டு. ஹிக்கின்ஸ் படகு ஆள் ஏறிய நிலையில் மிதக்க நான்கடித் தண்ணீர் வேண்டும். அந்த நேரத்தில் கடலேற்றம் போதுமான அளவு இருக்கும் என்று திட்டக்காரர்கள் நம்பினார்கள். அந்தத் தீவுகளில் வாழ்ந்திருந்த நியூசிலாந்து அதிகாரி ஒருவர், இந்த நாளில் தண்ணீர் போதாது என்று எச்சரித்தார். எடுபடவில்லை. அன்று தண்ணீர் ஏறவே இல்லை. 1987-ல் இயற்பியல் பேராசிரியர் டொனால்ட் ஓல்சன் கணக்குப் போட்டுக் காரணத்தைச் சொன்னார்: அது அரைநிலாக் காலம், போதாததற்கு நிலா பூமியிலிருந்து தன் தொலைவான இடத்தை நெருங்கியிருந்தது. இரண்டும் சேர்ந்ததால் கடல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

முதல் அலைகளில் போன எல்விடிகள் திட்டின்மேல் ஊர்ந்து கரை சேர்ந்தன. எல்லோருக்கும் போதுமான எல்விடி இல்லை. பின்னால் படகுகளில் வந்தவர்கள் திட்டின் விளிம்பில் தட்டி நின்றார்கள். ஐந்நூறு அறுநூறு மீட்டர் தூரம், இடுப்பளவும் மார்பளவும் தண்ணீரில், துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, இயந்திரத் துப்பாக்கிகளுக்கு நேர் எதிரே நடந்தார்கள். 76 மணி நேரச் சண்டையில் சுமார் ஆயிரம் அமெரிக்கர்கள் செத்தார்கள். ஜப்பானியத் தரப்பில் கிட்டத்தட்ட எல்லோருமே. அந்தத் திட்டின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக இருந்திருந்தால், அல்லது எல்விடிகள் இன்னொரு மடங்கு இருந்திருந்தால், அந்த இளைஞர்களில் எத்தனையோ பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

மரைன்கள் பாடத்தை வேகமாகக் கற்றார்கள். எல்விடி எண்ணிக்கையைக் கூட்டினார்கள், கவசமும் பீரங்கியும் வைத்த எல்விடிகளை முன்னால் விட்டார்கள். கடற்படை, கரைக்கு முந்தைய தண்ணீரை நீந்திப்போய் அளக்கவும் தடைகளை வெடிவைத்துத் தகர்க்கவும் தனிக் குழுக்களை அமைத்தது. 1944 தொடக்கத்தில் குவாஜலின் என்ற அடுத்த பவளத்தீவில் இழப்பு வெகுவாகக் குறைந்தது.

எண்பது வருடம் தள்ளி வருவோம். 2020 ஜூலை 30, கலிஃபோர்னியாவின் சான் கிளெமென்ட்டே தீவுக்கு அருகே ஒரு பயிற்சி. தீவிலிருந்து கப்பலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஏஏவி வண்டி ஒன்றில் தண்ணீர் புகுந்தது. எல்விடியின் வாரிசான இந்த வகை வண்டி 1970-களின் தொடக்கத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே 16 பேர். வண்டி நூறு மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு மூழ்கியது. எட்டு மரைன்களும் ஒரு கடற்படை வீரரும் இறந்தார்கள். எதிரி யாரும் கிடையாது. விசாரணையில் தெரிய வந்தவை: வண்டியின் பராமரிப்பு மோசம், உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே வருவதற்கான பயிற்சியைப் பலர் முடிக்கவில்லை, பக்கத்தில் பாதுகாப்புப் படகு இல்லை, வெளியேறச் சொல்லும் உத்தரவு தாமதமாக வந்தது. 2021 இறுதியில் ஏஏவிகளைத் தண்ணீரில் இறக்குவதையே நிறுத்திவிட்டார்கள்.

அந்த வண்டிக்கு மாற்றாக, கடலில் படகுபோலப் பாய்ந்து வரும் ஒன்றைச் செய்ய மரைன் படை பல வருடம் முயன்றது. இஎஃப்வி என்று பெயர். சுமார் 300 கோடி டாலர் செலவான பிறகு 2011-ல் அன்றைய பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் அதை நிறுத்தினார். இப்போது வந்திருப்பது எட்டுச் சக்கர ஏசிவி. நிலத்தில் நன்றாக ஓடுகிறது. ஆனால் 2022-ல் கேம்ப் பெண்டில்டன் கடற்கரையில் பெரிய அலையில் சிக்கியதில் ஒன்று கவிழ்ந்தது, இன்னொன்று செயலிழந்து நின்றது. அதன் பிறகு அலையில் இறக்குவதற்குக் கட்டுப்பாடு போட்டார்கள். ஒரு வண்டி நன்றாக நீந்தினால் நிலத்தில் தடுமாறும், நிலத்துக்கென்று செய்தால் அலையில் தடுமாறும். எந்தப் பொறியாளரும் இன்னும் இந்த முடிச்சை முழுசாக அவிழ்க்கவில்லை.

புதிய திட்டம் இந்த முடிச்சிலிருந்து நழுவப் பார்த்தது. எதிரியின் கரையில் பாயப் போவதில்லை, நண்பனின் தீவுக்குத்தானே போகிறோம், கரையில் நேராக மூக்கை ஏற்றி நிறுத்தக்கூடிய ஒரு எளிமையான கப்பல் இருந்தால் போதும் என்றார்கள். முதலில் இலகுரகத் தரையிறங்கு கப்பல் என்றும், பின்னர் நடுத்தரத் தரையிறங்கு கப்பல், சுருக்கமாக எல்எஸ்எம் என்றும் பெயர். மரைன் படை 35 கேட்டது. கடற்படை முதல் கட்டமாக 18 என்றது. ஒரு கப்பலில் 75 மரைன்களும் அவர்களின் வண்டிகளும் போகலாம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இங்கேதான். டாங்கிகளைக் கொடுத்து முடிக்க ஒரு வருடம் சொச்சம்தான் ஆனது. ரெஜிமென்ட்டுகளைப் பெயர் மாற்றி அமைக்க இரண்டு மூன்று வருடம். இந்தக் கப்பலை மட்டும் வாங்க முடியவில்லை. வணிகத் தரத்தில் மலிவாகக் கட்ட வேண்டும் என்று மரைன்கள் சொன்னார்கள். ஏவுகணை விழும் கடலில் ஓடும் கப்பல் அடிவாங்கினாலும் தாங்க வேண்டாமா என்று கடற்படை கேட்டது. இரண்டுமே நியாயமான பேச்சுதான், ஆனால் பேசிக்கொண்டே இருந்தார்கள். கடற்படையின் கணக்கில் ஒரு கப்பல் சுமார் 15 கோடி டாலர். 2024-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் போட்ட கணக்கில் அது 34 கோடியிலிருந்து 43 கோடிவரை. அந்த வருடக் கடைசியில் கப்பல் கட்டும் நிறுவனங்கள் கேட்ட விலையைப் பார்த்துக் கடற்படை ஒப்பந்தக் கோரலையே ரத்து செய்தது. பிறகு 2025 டிசம்பரில், நெதர்லாந்தின் டாமன் நிறுவனம் ஏற்கனவே வரைந்து வைத்திருந்த எல்எஸ்டி-100 என்ற வடிவத்தை எடுத்துக்கொள்வதாக அறிவித்தார்கள். 100 மீட்டர் நீளமுள்ள நேரான, அலங்காரமில்லாத கப்பல். இந்த முடிவை 2020-லேயே எடுத்திருக்கலாம்.

பெரிய கப்பல்களின் நிலையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 2020 ஜூலையில், ஏஏவி மூழ்கிய அதே மாதம், பான் ஹோம் ரிச்சர்ட் என்ற தரையிறங்கு கப்பல் சான் டியேகோ துறைமுகத்தில் நாள்கணக்காக எரிந்தது. பழுதுபார்க்க வழியில்லாமல் பழைய இரும்புக்கு விற்றார்கள். குறைந்தது 31 பெரிய தரையிறங்கு கப்பல்கள் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த அரசுத் தணிக்கை அறிக்கை, இருப்பவற்றில் பாதி மோசமான நிலையில் இருப்பதாகச் சொன்னது. 2023-ல் துருக்கி நிலநடுக்கத்தின்போது உதவிக்கு அனுப்பக் கப்பலில் தயாராக மரைன்கள் இல்லை. பெர்கரே அதை நாடாளுமன்றக் குழுவின் முன் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

கப்பல் இல்லாத ஏவுகணைக் குழுவின் கதி என்னவாகும்? பசிபிக்கின் குவாடல்கனால் தீவில் 1942 ஆகஸ்ட் 7-ஆம் தேதி மரைன்கள் இறங்கினார்கள். அடுத்த நாள் இரவே சாவோ தீவுக்கு அருகே நேச நாடுகளின் நான்கு கனரகக் குரூசர்களை ஜப்பானியர் மூழ்கடித்தார்கள். சரக்குக் கப்பல்கள் பாதிச் சரக்கைக்கூட இறக்காமல் கிளம்ப வேண்டியதாயிற்று. மரைன்கள் சாப்பாட்டை ஒரு நாளைக்கு இரண்டு வேளையாகக் குறைத்துக்கொண்டார்கள். ஜப்பானியர் விட்டுப்போன அரிசிதான் அவர்களைத் தாங்கியது. சில மாதத்தில் நிலைமை தலைகீழாக மாறி, ஜப்பானியப் படை அதே தீவில் பட்டினி கிடந்தது. இரவில் வேகமாக வந்து போகும் நாசகாரிக் கப்பல்கள் கொண்டுவந்தது அவர்களுக்குப் போதவில்லை. அங்கே செத்த ஜப்பானியர்களில் பெரும்பகுதி பசியாலும் நோயாலும் செத்தவர்கள்.

சமீபத்திய உதாரணம் கிரின்கி. 2023 அக்டோபரில் உக்ரைனிய மரைன்கள் நீப்ரோ ஆற்றைச் சின்னப் படகுகளில் தாண்டி, கெர்சோன் பகுதியின் இடது கரையில் இருக்கும் அந்தக் கிராமத்தில் காலூன்றினார்கள். எதிர்க்கரையில் அவர்களுக்குப் பீரங்கி ஆதரவும் ட்ரோன்களும் இருந்தன. ஆனால் ஆள், தண்ணீர், தோட்டா, காயப்பட்டவர் என்று எல்லாமே படகில்தான் போய்வர வேண்டியிருந்தது. ரஷ்ய ட்ரோன்கள் படகுகளையே குறிவைத்தன. காயப்பட்டவர்களை இக்கரைக்குக் கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்தது. பல மாதம் தாக்குப்பிடித்து, 2024 கோடையில் அந்தக் கரையைக் கைவிட்டார்கள். அது ஆறு. அகலம் அதிகம் இல்லை. பசிபிக்கில் ஒரு தீவுக்கும் அடுத்த தீவுக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் திறந்த கடல்.

எதிரியே இல்லாவிட்டாலும் கடல் சும்மா இருக்காது. 2024 மே மாதம் காஸா கரையில் அமெரிக்க ராணுவம் 23 கோடி டாலர் செலவில் மிதக்கும் துறைமுகம் ஒன்றைப் பொருத்தியது. பத்து நாளுக்குள் அலை அதை உடைத்தது. ஜூலையில் மொத்தமாகக் கழற்றிவிட்டார்கள்.

மரைன் படைக்குள்ளேயே இதைப் புரிந்துகொண்டு உழைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பாராட்டாமல் விடக்கூடாது. போதைப்பொருள் கடத்தல்காரர்களின் பாதி மூழ்கிய படகைப் பார்த்து, அதே பாணியில் ஆளில்லாச் சரக்குப் படகு ஒன்றைச் செய்து ஒகினாவாவில் ஓட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் மட்டத்துக்குமேல் அதிகம் தெரியாது, இரண்டு கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகளைக் கொண்டுபோகும். எண்ணெய்க் கிணறுகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வணிகக் கப்பல் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பின்பக்கமாகக் கரையில் ஒதுங்கும்படி மாற்றிச் சோதித்தார்கள். 68 கிலோ தூக்கும் சரக்கு ட்ரோனும் கையில் இருக்கிறது. சாப்பாடு, பேட்டரி, மருந்துக்கு அது போதும். ஒரு ஏவுகணையின் எடை 400 கிலோ, ஆகவே ட்ரோனை நம்பி அடுத்த சுற்றுச் சுட முடியாது. நெடுந்தூரம் பாயும் டோமஹாக் ஏவுகணையையும் டிரக்கில் ஏற்றிப் பார்த்தார்கள். தீவுக் கரைகளுக்கு அது ஒத்துவராது என்று பின்னர் விட்டுவிட்டார்கள். அந்த முடிவை நான் வரவேற்கிறேன். எடுத்துப்போக முடியாத ஆயுதம் எவ்வளவு தூரம் சுட்டால் என்ன?

மற்ற நாடுகள் எப்படி யோசிக்கின்றன என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஜப்பான் 2018-ல் தன் முதல் நீர்நிலத் தாக்குதல் பிரிகேடை நாகசாகி மாவட்டத்தின் சசேபோவில் தொடங்கியது. அத்தோடு நிற்கவில்லை. 2025 மார்ச்சில் குரே நகரில், தென்மேற்குத் தீவுகளுக்குச் சரக்கும் படையும் கொண்டுபோவதற்கென்றே ஒரு தனிக் கடல் போக்குவரத்துப் பிரிவை அமைத்து, அதற்குச் சிறிய கப்பல்களை ஒன்றொன்றாகக் கொடுத்து வருகிறது. இலக்கு 10 கப்பல். சீனா, கடலில் கால் ஊன்றி நின்று ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, ஏறக்குறைய 800 மீட்டருக்குப் பாலம் போட்டுத்தரும் பெரிய படகுகளைக் கட்டி 2025-ல் சோதித்தது. கரைக்கு முன்னால் இருக்கும் அந்தத் தண்ணீரைத் தாண்டுவதுதான் வேலை என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. பிரிட்டன் நேர்மாறாகப் போனது. தன் ராயல் மரைன்களைச் சின்னச் சின்ன அதிரடிக் குழுக்களாக மாற்றுவதாகச் சொல்லிக்கொண்டே, அவர்களைச் சுமந்த ஆல்பியன், புல்வார்க் கப்பல்களை ஓய்வுபெறச் செய்வதாக 2024 நவம்பரில் அறிவித்தது. 1982-ல் ஃபாக்லாந்தில் அட்லாண்டிக் கன்வேயர் கப்பலோடு ஹெலிகாப்டர்களையும் பறிகொடுத்துவிட்டு, தோளில் சுமையோடு நாள்கணக்காக நடந்தவர்கள் இதே ராயல் மரைன்கள்.

எல்எஸ்டி-100 வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். அது மெதுவாகப் போகும் கப்பல், சண்டை தொடங்கிய பிறகு திறந்த கடலில் பகலில் போனால் தப்பிப்பது கஷ்டம். உள்ளூர்க் கப்பல்களின் நெரிசலுக்குள் ஒன்றாகக் கலந்து போகலாம் என்கிறார்கள். செயற்கைக்கோளும் ட்ரோனும் இத்தனை இருக்கும் காலத்தில் அதை நான் அவ்வளவாக நம்பவில்லை. போருக்கு முன்பே சரக்கைத் தீவுகளில் சேர்த்து வைப்பது, ஆளில்லாப் படகுகளை நூற்றுக்கணக்கில் கட்டுவது, சிலவற்றை இழப்போம் என்று கணக்கில் எடுத்துக்கொண்டே கப்பல் வாங்குவது, இவை மூன்றும் சேர்ந்தால்தான் வழி பிறக்கும். 18 கப்பலை வைத்துக்கொண்டு ஒன்றைக்கூட இழக்கக்கூடாது என்று நினைத்தால் அதைத் துறைமுகத்தை விட்டே வெளியே எடுக்க மாட்டார்கள். தீவுகளைச் சொந்தமாக வைத்திருக்கும் நாடுகள் அந்த நேரத்தில் அனுமதி கொடுக்குமா என்பது தனிக் கேள்வி. அதற்கு மணிலாவிலும் டோக்கியோவிலும்தான் பதில் இருக்கிறது.

கப்பலைவிட அவசரமானது அதை ஓட்டும் ஆள். கரையில் மூக்கை ஏற்றி நிறுத்தும் நியூபோர்ட் வகைக் கப்பல்களில் கடைசியான ஃபிரெடரிக்கை அமெரிக்கக் கடற்படை 2002-ல் ஓய்வுக்கு அனுப்பியது. எந்த மணலில் எந்த வேகத்தில் ஏற்றலாம், பின்பக்க நங்கூரத்தை எங்கே போட்டுவிட்டு வந்தால் திரும்பத் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளலாம், கடல் இறங்குவதற்குள் எத்தனை வண்டியை இறக்க முடியும் என்று கையால் தெரிந்து வைத்திருந்த கடைசித் தலைமுறை இன்று வீட்டில் இருக்கிறது. முதல் எல்எஸ்எம் கட்டி முடிய இன்னும் சில வருடம் ஆகும். அதுவரை காத்திருக்காமல், வாடகைக் கப்பலோ தரைப்படையிடம் இருக்கும் பழைய தரையிறங்கு கலமோ எது கிடைக்கிறதோ அதில், ஒகினாவாவிலும் ஹவாயிலும் வாரம் தவறாமல் கரையேறிப் பழக வேண்டும். அந்தப் பழைய ஆட்களை அழைத்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கச் சொல்ல வேண்டும். அடுத்த பட்ஜெட்டில் இன்னொரு ஏவுகணை பேட்டரிக்கு ஒதுக்கும் பணத்தை இதற்கு மாற்றினாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.